நடன இசை விழாவில் ஜமுக்காளம் விரித்தவர்கள்

பெண் பார்ப்பதற்கு எங்கெங்கோ வரச் சொல்வார்கள். கோயில் பிரகாரம் என்பார்கள், ஓட்டல் ஏ.சி. அறை என்பார்கள், இரண்டு பக்கத்துக்கும் பொதுவான ஒரு சொந்தக்காரர் வீடு என்பார்கள். என்னைக் கடைசியாக வரச் சொன்ன இடம், கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரத்தை ஒட்டி, ஒரு ரிசார்ட்டுக்குப் பின்னால் இருந்த கடற்கரை மைதானம். அன்றைக்கு அங்கே மின்னணு நடன இசை விழா. மே மாதம், அக்னி நட்சத்திரம், உச்சி வெயில் கொஞ்சம் சாய்ந்த நேரம். நான் பட்டுப்புடவையில் இருந்தேன். இதைச் சொன்னால் இன்றைக்கும் பாதிப் பேர் நம்புவதில்லை. நம்பாதவர்களோடு மல்லுக்கட்ட எனக்கு நேரமில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த வருஷங்கள் அவை. பழைய மகாபலிபுரம் சாலையில் கண்ணாடிக் கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்தன. கேமரா வைத்த செல்போன் கையில் இருந்தால் நாலு பேர் திரும்பிப் பார்த்த காலம். அப்பாவுக்கு அணு ஆராய்ச்சி நிலையத்தில் வேலை. அதன் டவுன்ஷிப்பில்தான் எங்கள் வீடு. நான் இயற்பியலில் எம்.எஸ்சி. முடித்துவிட்டு, செங்கல்பட்டுப் பக்கம் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் முதலாண்டு மாணவர்களுக்கு ஒளியைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். அவர்கள் தூங்குவார்கள். நானும் தூங்கியிருப்பேன், நின்றுகொண்டே தூங்கும் வித்தை தெரிந்திருந்தால்.

அந்த நேரத்தில்தான் புனேயில் ஒரு ஆராய்ச்சிக் கூடத்தில் எனக்கு வேலை கிடைத்தது. உண்மையான வேலை. லேசரைக் கரும்பலகையில் படம் போட்டுக் காட்டாமல், கையால் தொட்டுச் செய்கிற வேலை. ஜூன் மாதம் போய்ச் சேர வேண்டும். எனக்கு அதற்காகப் பைத்தியமே பிடித்திருந்தது. அப்பா இரண்டு நாள் பேசவில்லை. பிறகு ஒரு நிபந்தனை வைத்தார். ஒரே ஒரு இடம் வந்திருக்கிறது, நல்ல இடம், பையன் சாஃப்ட்வேர், அவர்கள் வந்து பார்க்கட்டும். அமைந்துவிட்டால் கல்யாணம், புனே கிடையாது. தட்டிப்போனால் நீ கிளம்பு, நான் குறுக்கே நிற்க மாட்டேன் என்றார். அப்பா சொன்ன சொல் மாறமாட்டார். அந்த ஒரு குணத்தால்தான் வீட்டில் எல்லோருக்கும் கஷ்டம்.

நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். ஏனென்றால் தட்டிப்போவதில் எனக்கு நல்ல அனுபவம் இருந்தது. உயரம் ஜாஸ்தி என்று ஒரு இடம் போயிற்று. நிறம் மட்டு என்று இன்னொன்று. பெண் அதிகம் படித்திருக்கிறாள் என்று ஒன்று. அதே மாதம், பெண் இன்ஜினியரிங் படிக்கவில்லையே என்று ஒன்று. இதெல்லாம்கூடப் பரவாயில்லை. ஒரு வீட்டார், “பெண்ணின் அம்மா பேச்சு ஒரு மாதிரி இருக்கிறது” என்று சொல்லி அனுப்பினார்கள். அம்மா மதுராந்தகத்து நெல் மண்டிக்காரர் மகள். வீட்டை வூடு என்பாள், என்னவை இன்னா என்பாள், காலையில் நாஸ்தா ஆச்சா என்று கேட்பாள். திருச்சிக்காரரான அப்பாவுக்குக் கல்யாணமான நாளிலிருந்து அதைத் திருத்துவதே பொழுதுபோக்கு. அந்த வீட்டார் சொல்லி அனுப்பிய பிறகு அவர் திருத்துவதை விட்டுவிட்டு, மாப்பிள்ளை வீட்டார் முன்னால் நீ வாயே திறக்காதே, சிரித்தால் போதும் என்று உத்தரவு போட்டுவிட்டார். அம்மாவும் அதற்குப் பிறகு வந்தவர்கள் முன்னாலெல்லாம் சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். எனக்கு அப்பா மேல் வந்த கோபத்தில், ஒவ்வொரு முறையும் கேசரித் தட்டை யார் தலையிலாவது கவிழ்க்கலாமா என்றிருக்கும்.

இப்போது விழாவுக்கு எப்படிப் போய் மாட்டினோம் என்பதைச் சொல்ல வேண்டும். பையன் வேலை பார்த்த கம்பெனிக்காரர்கள் அந்த விழாவுக்குப் பணம் கொடுத்த வகையில் ஊழியர்களுக்குக் குடும்பத்தோடு வர இலவசப் பாஸ் கொடுத்திருந்தார்கள். பாஸில் கோடை இசை விழா என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தது. அது பையனின் அம்மா கண்ணில் பட்டுவிட்டது. மயிலாப்பூர்ப் பக்கம் குடியிருந்தவர். இசை விழா என்றால் மார்கழி, சபா, கேன்டீன் அடை அவியல். அது கோடையிலும், அதுவும் கடற்கரையில் காற்று வாங்கிக்கொண்டு என்றால் கசக்குமா? பெண்ணையும் அங்கேயே பார்த்துவிடலாம், வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வேண்டாம் என்று சொல்கிற பாவமும் வராது என்று முடிவு செய்துவிட்டார். பையன், அம்மா அது அந்த மாதிரி இசை இல்லை என்று இரண்டு முறை சொன்னாராம். அப்புறம் அவரே என்னிடம் சொன்ன தகவல் இது. கேட்க அங்கே யாருக்குக் காது இருந்தது?

அப்பாவுக்குத் தகவலும் எங்களுக்கான பாஸும் வந்ததும் தலைகால் புரியவில்லை. இசை தெரிந்த குடும்பம், பெண்ணைக் காட்சிப்பொருளாக்க விருப்பமில்லாத நாகரிகமான மனிதர்கள் என்று மெச்சிக்கொண்டார். ஜரிகை வேட்டி எடுத்தார். அம்மா எலுமிச்சம்பழச் சாதமும் தயிர்ச் சாதமும் கட்டினாள். டவுன்ஷிப் வாசலில் மல்லிகைப் பூ வாங்கி என் தலையில் வைத்தாள். கச்சேரியில் தரையில் உட்கார வேண்டியிருக்கும் என்று பீரோ மேலிருந்த பவானி ஜமுக்காளத்தையும் எடுத்துக்கொண்டோம். வாடகை சுமோவில் மூவரும் ஏறினோம்.

ரிசார்ட் வாசலை நெருங்கும்போதே சுமோவின் கண்ணாடி அதிர ஆரம்பித்தது. டிரைவர் இன்ஜினில் கோளாறு என்று நினைத்து ஓரங்கட்டி, பானெட்டைத் திறந்து பார்த்தார். இன்ஜின் நன்றாகத்தான் இருந்தது.

நுழைவாயிலில் பக்கத்துக் குப்பத்து ஆட்கள் கறுப்பு டி-சர்ட் போட்டுக்கொண்டு காவலுக்கு நின்றார்கள். கையில் காகிதப் பட்டை ஒன்றைக் கட்டினார்கள், அறுத்தால்தான் வரும். அம்மா அதைப் பார்த்து, ஆஸ்பத்திரியில் சேர்க்கிற மாதிரி இருக்கிறதே என்று முணுமுணுத்தாள். சாப்பாட்டுக் கேரியரை உள்ளே விடமுடியாது என்று வாங்கி ஓரமாக வைத்தார்கள். ஜமுக்காளத்தைப் பார்த்ததும் நடுத்தர வயதுக் காவலாளி ஒருவர் எங்கள் மேல் உண்மையாகவே இரக்கப்பட்டு அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

“அண்ணாத்த, இது ஒக்காந்து பாக்குற கச்சேரி இல்ல. உள்ள அல்லாம் நின்னுகினு ஆடிகினு கீதுங்க. பொண்ண வேற பட்டுப் பொடவைல இட்டாந்துகீறீங்க. பேசாம வூட்டுக்குப் போயிடுங்க.”

அந்த மைதானத்தில் அன்று முழுவதும் யாராவது உருப்படியாக ஒரு வார்த்தை சொன்னார்கள் என்றால் அது அவர்தான். அப்பாவுக்கு மூக்கின் மேல் கோபம் வந்தது. எங்களிடம் பாஸ் இருக்கிறது, முன்வரிசை என்று போட்டிருக்கிறது என்று விறைத்துக்கொண்டு உள்ளே நடந்தார்.

உள்ளே பையன் வீட்டார் எங்களுக்கு முன்பே வந்து, மேடைக்கு நேர் எதிரே, திருவிழாக் கூட்டத்தில் பிள்ளையைத் தொலைத்தவர்கள் மாதிரி நின்றுகொண்டிருந்தார்கள். பையன், பையனின் அம்மா, அந்த அம்மாவின் தம்பியான தாய்மாமா, ஆக மூன்று பேர். அந்த அம்மாவும் பட்டுப்புடவை. மாமா நெற்றியில் சந்தனம். பையன் மட்டும் ஜீன்ஸ். எங்கள் ஜமுக்காளத்தைப் பார்த்ததும் அந்த அம்மாவின் முகம் மலர்ந்ததே, அதைப் பார்த்திருக்க வேண்டும். நாங்கள் கொண்டுபோன பொருள்களில் அவருக்குப் பிடித்தது முதலில் ஜமுக்காளம், அப்புறம்தான் நான். விரித்தோம். ஆறு பேரும் சம்மணமிட்டு உட்கார்ந்தோம். சுற்றிலும் ஆயிரக்கணக்கான கால்கள்.

அப்பா மடியிலிருந்து பஞ்சை எடுத்து உருட்டி இரண்டு காதிலும் அடைத்துக்கொண்டார். டவுன்ஷிப் மனிதர் எங்கே போனாலும் பாதுகாப்பு ஏற்பாட்டோடுதான் போவார். அதற்குப் பிறகு யார் எது சொன்னாலும் சிரித்துத் தலையாட்டினார். தாய்மாமா அவர் காதருகே குனிந்து குனிந்து என்னென்னவோ பேசினார். அப்பா எதற்கெல்லாம் சம்மதித்தார் என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது.

மேடையில் ஒரு மேஜை. மேஜைக்குப் பின்னால் ஒருவர், ஒரு காதில் மட்டும் ஹெட்போனை அழுத்திக்கொண்டு, எதையோ தேடித் தேடித் திருகிக்கொண்டிருந்தார். மைக் சரிபார்க்கிறார்கள் என்று பையனின் அம்மா சைகை காட்டினார். சரி, வித்வான் இனிமேல் வருவார் என்று காத்திருந்தோம். டம் டம் டம் டம் என்று ஒரே அடி. சரிபார்க்கிறார், சரிபார்க்கிறார், வெயில் தாழ்ந்தும் சரிபார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் இரண்டு கையையும் மேலே தூக்கிக் கும்பிட்டார். கூட்டம் காட்டுக் கத்தல் கத்தியது. அவர் இறங்கிப் போய்விட்டார். அவர்தான் கச்சேரி என்பது அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. பாடவும் இல்லை, வாசிக்கவும் இல்லை, வியர்வை மட்டும் சிந்தினார். அதற்கு அவரை விமானம் வைத்து லண்டனிலிருந்து வரவழைத்தார்களாம்.

கூட்டத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வந்த பணக்காரப் பிள்ளைகள். கடலோரத்துக்கு வந்துவிட்டு, மீன் வாடை அடிக்கிறதே என்று மூக்கைச் சுளித்த மகானுபாவர்கள். ஒருவன் அப்பா கட்டியிருந்த மாதிரியே ஜரிகை வேட்டியைத் தலையில் முண்டாசாகச் சுற்றியிருந்தான். நெற்றியில் பட்டை பட்டையாகப் பச்சைச் சாயம் அடித்த வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி என் புடவையைத் தொட்டுப் பார்த்து, உங்கள் வேஷம் பிரமாதம் என்று ஆங்கிலத்தில் பாராட்டினாள். இன்னும் சில பேர் எங்கள் ஜமுக்காளத்தைச் சுற்றி வட்டமாக நின்று, கைகூப்பிக்கொண்டு ஆடினார்கள். விழாக்காரர்கள் ஏற்பாடு செய்த காட்சி என்று எங்களை நினைத்திருக்கிறார்கள். ஒருவன் செல்போனில் படம்கூட எடுத்தான். பையனின் அம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டு படத்துக்குச் சிரித்தார்.

இரண்டாவதாக வந்தவர்கள் இரட்டையர். முகத்தில் வெள்ளி முகமூடி, உடம்பில் கோட்டு சூட்டு, வெளியே அக்னி நட்சத்திரம். ஒருவர் பம்ப் ஸ்டவ்வைத் திருகுகிற மாதிரி ஒரு குமிழைத் திருகினார். மற்றவர் அதைப் பார்த்துத் தலையாட்டினார். ஓசை ஏறியது. ஏறியது. இன்னும் ஏறியது. இனி ஏற இடமில்லை என்கிற இடத்தில் சட்டென்று நின்றது. மூச்சுவிடக்கூடப் பயமாக இருந்த ஒரு நொடி. பிறகு தொபுக்கடீரென்று கீழே விழுந்தது. விழுந்ததும் மைதானம் முழுக்கப் பிறவிப் பயனை அடைந்தது போல் குதித்தது. மணல் பறந்து எங்கள் தலையில் கொட்டியது. இதையே திரும்பத் திரும்பச் செய்தார்கள். ஒவ்வொரு முறையும் விழப்போகிறது என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் ஒவ்வொரு முறையும், அதைப் பார்த்தே இராதவர்கள் மாதிரி வாயைப் பிளந்தார்கள்.

தாய்மாமாதான் அன்றைய விழாவை முழுமையாக ரசித்த ஒரே பெரியவர். ஆதி தாளம் என்று கண்டுபிடித்துவிட்டார். தொடையில் தட்டி, விரல் எண்ணி, கையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே இருந்தார். அந்த டம் டம்முக்குத் தாளம் தப்ப வேண்டுமென்றால் மனிதன் செத்திருக்க வேண்டும். ஆனால் அவருக்கு அதில் இருந்த பெருமிதம் இருக்கிறதே, பக்கவாத்தியமே அவர்தான் என்பது போல் மேடையைப் பார்த்துத் தலையசைத்தார். ஓசை தொபுக்கடீரென்று விழுந்தபோதெல்லாம், தனி ஆவர்த்தனம் முடிந்த மாதிரி ஆஹா என்று கையை விரித்தார்.

பையனைப் பற்றி எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவர் பாவம், உட்கார முடியாமல் உட்கார்ந்திருந்தார். கால் கட்டைவிரல் மட்டும் ஜமுக்காளத்துக்கு அடியில் ஆடிக்கொண்டிருந்தது. என் பக்கம் குனிந்து, மன்னிச்சுக்கோங்க, நான் அம்மாகிட்ட ரெண்டு தடவை சொன்னேன் என்றார். நான் பரவாயில்லை என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, நண்பன் ஒருவனைப் பார்த்துவிட்டு வருவதாகச் சைகை காட்டிவிட்டு எழுந்து போனார். பத்தடி தள்ளிக் கூட்டத்துக்குள் அவர் ஆடுவதை நான் பார்த்தேன். கையைக் காலை உதறி, கண்ணை மூடி, யாரைப் பற்றியும் கவலைப்படாமல் ஆடினார். அவரை எனக்குப் பிடித்துப்போனது அந்த நிமிடம்தான். ஆனால் ஒருவரைப் பிடிப்பதற்கும் புனேயை விடுவதற்கும் நடுவே நிறையத் தூரம் இருக்கிறது. அவர் அம்மா எதையும் பார்க்கவில்லை. பார்க்க வேண்டாம் என்று நினைத்தால் பார்க்காமலிருக்கிற கலை அந்தக் குடும்பத்தில் பரம்பரை என்று தோன்றியது.

எனக்குக் கலக்கம் பிடித்துக்கொண்டது. காரணம், அந்த அம்மா என்னைப் பார்த்துப் பார்த்துப் புன்னகை செய்ய ஆரம்பித்திருந்தார். என் கையை எடுத்து வைத்துக்கொண்டார். என் பூவைச் சரிசெய்தார். இத்தனை வருஷமாக நான் ஒழுங்காகத் தலைகுனிந்து உட்கார்ந்தபோதெல்லாம் வேண்டாம் என்று போனார்கள். இந்த ஒரு இடம் வேண்டாம் என்று சொல்ல வேண்டுமே என்று நான் தவித்த அன்றைக்கு அவருக்கு என்னைப் பிடித்துத் தொலைத்தது. எப்படிப் பிடிக்காமல் போகும்? அங்கே என்ன கேட்டாலும் பதில் யாருக்கும் விழாது. படிப்பைப் பற்றிக் கேட்டார், வாயைத் திறந்தேன், அதற்குள் டம் டம். சமையல் தெரியுமா என்று சைகையில் கேட்டார், தெரியாது என்று தலையாட்டினேன், அடக்கம் என்று எடுத்துக்கொண்டார். வாயே இல்லாத மருமகளைத்தான் அவர் தேடியிருக்கிறார் போலும். கிடைத்துவிட்டாள்.

மூன்றாவதாக ஒரு பெண் வந்தாள். மும்பைக்காரி. நாலு ஆட்டக்காரர்கள், தீப்பொறி, புகை. எடுத்த எடுப்பிலேயே, சத்தம் போடுங்கள், இன்னும் சத்தம் போடுங்கள் என்று மைக்கில் அலறினாள். இருந்த சத்தம் அவளுக்குப் போதவில்லையாம். இந்த நேரம் பார்த்துத்தான் தாய்மாமாவுக்கு ஞானோதயம் வந்தது. ஜாதகத்தோடு போன தாளில் வாய்ப்பாட்டு தெரியும் என்று அப்பா எழுதி வைத்திருந்தார். டவுன்ஷிப்பில் பெண்ணாகப் பிறந்தால் அம்மை ஊசி மாதிரி பாட்டுக் கிளாஸும் உண்டு. நானும் சில வருஷம் போனேன். மாமா அக்காவின் காதில் கத்தினார். அக்கா கைதட்டாத குறையாக மகிழ்ந்து, என் முகத்தருகே வந்து, பெண் பார்க்கிற வீட்டில் எத்தனையோ தலைமுறையாகக் கேட்கிற அதே வார்த்தையைத் தொண்டை கிழியக் கத்தினார்.

“ஒரு பாட்டுப் பாடும்மா!”

எனக்குச் சிரிப்பு முட்டியது. அடுத்த நொடி, இதுதான் கடைசி வாய்ப்பு என்று புத்தி சொல்லியது. அபஸ்வரமாகப் பாடிவிடலாம். காது கேட்கிற எவரும் இந்தப் பெண் வேண்டாம் என்று ஓடுகிற மாதிரிப் பாடிவிடலாம். நிமிர்ந்து உட்கார்ந்தேன், தொடையில் தாளம் போட்டேன், தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பித்தேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அபஸ்வரமா சுஸ்வரமா என்று கண்டுபிடிக்க அங்கே ஸ்வரமே இல்லை. பையனின் அம்மா கண்ணை மூடி, தலையை இப்படியும் அப்படியும் அசைத்து உருகிக்கொண்டிருந்தார். மாமா ஆதி தாளம்.

அப்போது என்னவோ ஒன்று எனக்குள் அறுந்துபோயிற்று. யாருக்கும் கேட்கப் போவதில்லை என்றால் எதற்குப் பாட வேண்டும்? பேசினேன். தாளத்தை நிறுத்தாமல், முகத்தில் பாட்டுக்காரிப் பாவனையோடு, அந்த அம்மாவை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டு பேசினேன். எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம் அம்மா, உங்கள் பையனுக்கும் வேண்டாம், அவர் அங்கே சந்தோஷமாக ஆடுகிறார், விட்டுவிடுங்கள் என்றேன். நான் புனேக்குப் போக வேண்டும் என்றேன். உயரம் என்றும் நிறம் என்றும் சொன்ன அத்தனை வீட்டாரையும் பேர் சொல்லி வைதேன். எங்கள் அம்மா பேச்சை நொட்டை சொன்னவர்களுக்குத் தனியாக ஒரு அனுபல்லவி வைத்தேன். அப்பாவையும் விடவில்லை. சொல்லச் சொல்ல அழுகை வந்தது. கண்ணில் நீர் வழிந்ததைப் பார்த்து மாமா நெகிழ்ந்துபோய், பாவம் சொட்டுகிறது என்று அக்காவுக்கு ஜாடை காட்டினார்.

அம்மா என்னோடு முட்டி இடிக்க உட்கார்ந்திருந்தாள். உத்தரவுப்படி சிரித்த முகம். அவளும் தன் பங்குக்குத் தொடையில் விரலால் தட்டிக்கொண்டிருந்தாள். நடுவே ஒரு தடவை அந்த விரல் நின்ற மாதிரி இருந்தது. பிறகு மறுபடியும் தட்டியது. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

நான் முடித்ததும் பையனின் அம்மா என் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தார். பிறகு அம்மாவின் பக்கம் சாய்ந்து, என்ன ராகம் என்று கத்திக் கேட்டார். பதில் சொல்லாமல் சிரிக்க வேண்டிய அம்மா, அவர்கள் முன்னால் முதல் முறையாக வாயைத் திறந்தாள். மோகனம் என்று கத்தினாள். அவளுக்குத் தெரிந்த ஒரே ராகத்தின் பெயர் அது. பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கும் அதுதான் பெயர் என்பதால் ஞாபகம் இருந்தது. நீயும் இந்தக் கூத்தில் சேர்ந்துகொண்டாயா என்று அவளை முறைத்தேன். அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அவ்வளவுதான், எல்லாம் நடந்தேறியது. மாமா கட்டை விரலை உயர்த்தினார். அப்பா தலையாட்டினார். வெளியே போய்ப் பேசிக்கொள்ளலாம் என்று எல்லோரும் எழுந்தார்கள். பையனைக் கூட்டத்திலிருந்து பிடித்து இழுத்து வந்தார்கள். சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. அம்மா ஜமுக்காளத்தை உதறி மடித்தாள். வண்டிகள் நிறுத்தியிருந்த சவுக்குத் தோப்புக்குப் போய்ச் சேர்ந்தோம். அங்கே டம் டம் தூரத்தில் ஓடுகிற நெல் மெஷின் அளவுக்குக் குறைந்திருந்தது. பேசினால் கேட்டது. கடற்காற்றுகூடக் கேட்டது.

பையனின் அம்மா கைப்பையிலிருந்து வாழையிலைப் பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளே நெருக்கமாகக் கட்டிய மல்லிகை. பூ வைத்துவிட்டால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். அதற்குப் பிறகு தேதி குறிக்க வேண்டியதுதான் பாக்கி. இனிமேல் சத்தத்துக்குள் ஒளிந்துகொள்ளவும் முடியாது. ஒரு மூச்சை இழுத்து, எல்லோருக்கும் கேட்கும்படி, தெளிவாகச் சொன்னேன்.

“எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம்.”

அந்த அம்மா சிரித்தார். மாமாவும் சிரித்தார். பெண் என்றால் அப்படித்தான் சொல்லும், நானும் இவள் வயதில் இதையேதான் சொன்னேன், சொல்லாவிட்டால்தான் யோசிக்க வேண்டும் என்று அந்த அம்மா தம்பியிடம் சொல்லிக்கொண்டே பூவின் நுனியில் கொண்டை ஊசியைக் கோத்தார். அங்கே அவ்வளவு ஓசைக்குள் நான் பாடாத பாட்டு அவர்களுக்குக் கேட்டது. இங்கே இத்தனை அமைதியில் நான் சொன்ன சொல் கேட்கவில்லை. பையன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மாமா அவர் தோளில் தட்டி அடக்கினார். என் தலைக்கருகே பூ வந்தது.

அம்மா ஜமுக்காளத்தைக் கீழே போட்டுவிட்டு அந்தக் கையைப் பிடித்தாள்.

“இருங்கம்மா. அவ வேணாம்னு சொல்லிகினு கீறா. உங்களுக்குக் காதுல வுழலையா?”

அந்த அம்மாவுக்கு முதலில் அந்தப் பேச்சே அதிர்ச்சி. அதுவரை சிரித்துக்கொண்டிருந்த சம்பந்தியின் வாயிலிருந்து இப்படி ஒரு தமிழ் வரும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. சமாளித்துக்கொண்டு, உள்ளே அவ்வளவு அழகாகப் பாடினாளே, நீங்கள்கூட மோகனம் என்று சொன்னீர்களே என்றார்.

“பாட்டா பாடுனா? எனக்கு வேணாம், வுட்டுடுங்க, நான் புனேவுக்குப் போறேன்னு அழுதுகினு கெடந்தா. பக்கத்துல ஒக்காந்து அவ வாயையே பாத்துகினு அத்தினியும் கேட்டேன். நீங்க இன்னா ராகம்னுதானே கேட்டீங்க, அதுக்குத்தான் சொன்னேன். இன்னா சொல்றான்னு நீங்களும் கேக்கல, உங்க தம்பியும் கேக்கல.”

பூ அந்த அம்மாவின் கையிலேயே இருந்தது. எல்லோரும் இப்படி விறைத்து நிற்பதைப் பார்த்த பிறகுதான் அப்பாவுக்கு ஏதோ நடந்திருக்கிறது என்று பட்டது. அதே சிரித்த முகத்தோடு வலது காதிலிருந்து பஞ்சை எடுத்து, “என்ன, பூ வெச்சாச்சா?” என்று கேட்டார்.

அம்மா குனிந்து ஜமுக்காளத்தை எடுத்து மணலைத் தட்டிவிட்டாள்.

“இன்னொரு காதுல கீற பஞ்சையும் எடுங்க. எடுத்துட்டு உங்க பொண்ணையே கேளுங்க.”

அப்பா எடுத்தார். என்னைப் பார்த்துக் கேட்டார்.